உலக்கை விழும் வரை காத்திருக்கவும்

போன வாரம் பெரியார் பஸ் ஸ்டாண்டில், தோளில் உலக்கையோடு ஒரு நடுத்தர வயது ஆசாமி பஸ்ஸுக்கு பஸ் ஓடிக்கொண்டிருந்ததை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். வேட்டி, முழுக்கைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, உலக்கை.

நான்தான்.

பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று தெரியும். 'பாவம்... வாரா வாரம் எழுதி எழுதி...' அதெல்லாம் இல்லை. அன்றைக்கு மத்தியானம் சூரிய கிரகணம். கோச்சடையில் இருக்கிற என் அக்காவுக்கு அவசரமாக ஓர் உலக்கை வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

கிரகணத்துக்கும் உலக்கைக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவே உலக்கையை நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கிரகணம் பிடித்திருக்கும் வரை அது தானாக நிற்கும். விட்டதும் விழுந்துவிடும். சாவி கொடுக்க வேண்டாத கடிகாரம். என்றைக்கோ ஒரு நாள் ஓடினால் போதும்.

அக்கா வீட்டில் உலக்கை இல்லை. நெல்லை மில்லுக்கும், மிளகாயை மிஷினுக்கும் அனுப்பத் தொடங்கியபின் அதை இரண்டாக அறுத்து மாடு கட்டும் முளைக்குச்சியாக அடித்துவிட்டாள். பசுமலையில் என் வீட்டில் ஒன்று உயிரோடு இருந்தது. உயிரோடு என்றால்... கொல்லைப்புறத்தில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, என் மனைவியின் ஈரப் புடவைகளைத் தாங்கிக்கொண்டு.

பழைய வீட்டுச் சாமான்களின் நிலைமை ரிட்டயரான ஆபீசர்கள் மாதிரிதான். ஒரு காலத்தில் என்ன அதிகாரம், என்ன சத்தம்! இப்போது எங்கள் ஆட்டுக்கல் குழியில் காக்காய் தண்ணீர் குடிக்கிறது. குழவி, கொல்லைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. உளுந்து உடைத்த திருகையின் மேல்கல், நடு ஓட்டையில் கொடிக்கம்பைச் செருகிக்கொண்டு, வருஷத்தில் இரண்டு நாள் தெருவின் தேசபக்தியைத் தாங்குகிறது. மோர் கடைந்த மத்து? நான் எழுத உட்காரும்போது முதுகு சொறிய. இந்தப் பத்தியில் ஏதாவது நன்றாக இருந்தால் பாதிப் பெருமை அதற்கு.

ஆகவே ஈரப் புடவைகளை உருவிப் போட்டுவிட்டு உலக்கையோடு கிளம்பினேன். கோச்சடை பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே... யாரு மண்டைக்கு?"

"கிரகணத்துக்குப்பா."

"அட, அதானா! ஏறுங்க, ஏறுங்க. இதான் கடைசி ட்ரிப்பு. இதுக்கு மேல சூரியனே வந்து விசில் ஊதுனாலும் வண்டி நகராது."

சொன்னபடியே ஊர் அடங்கிக்கொண்டிருந்தது. கடைக்கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. மதுரையில் பட்டப்பகலில் டீக்கடை பாய்லர் அணைந்து நீங்கள் பார்த்ததுண்டா? நான் அன்றுதான் பார்த்தேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அக்கா பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அத்தான் போனபிறகு வயலையும் மாடுகளையும் ஒற்றை ஆளாகக் கட்டி ஆள்கிறவள். ஒரே மகள் செல்வி. திருவாதவூரில் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வந்திருக்கிறது. நாள் நெருங்கிவிட்டது. அதோடு ஒரு கவலையும் இருந்தது. பிள்ளை வயிற்றில் சரியாகத் திரும்பவில்லையாம். "வலி எடுத்தா ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது, நேரா இங்க வந்துரணும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் போனபோது செல்வியை உள்ளறையில் அடைத்து, ஜன்னலில் சாக்கைத் திணித்து, ஓட்டுச் சந்துகளில் கூடப் பழந்துணியைச் செருகியிருந்தாள் அக்கா. கிரகண வெளிச்சத்தின் ஓர் இழைகூட உள்ளே போகாது. காற்றும் போகாது.

"மாமா," இருட்டிலிருந்து செல்வியின் குரல். "கொசு கடிச்சா அடிக்கலாமா, கூடாதா? அம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க."

"அடிக்கக் கூடாது, சொறியவும் கூடாது. பேசாமப் படு!" அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். படித்தவன் என்ற முறையில் வாயைத் திறந்தேன். நிலவின் நிழல் பூமியில் விழுகிறது, அவ்வளவுதான் சங்கதி என்று ஆரம்பித்தேன். தேங்காயைப் பூமியாக்கி, எலுமிச்சம்பழத்தை நிலாவாக்கிக் காட்டினேன். கடைசியில், "உலக்கை நிற்கவே நிற்காது அக்கா. புவிஈர்ப்பு என்று ஒன்று இருக்கிறது" என்று முடித்தேன்.

அக்கா எலுமிச்சம்பழத்தை என் கையிலிருந்து வாங்கி ஊறுகாய்க் கூடையில் போட்டாள். பிறகு என் இடது காதைப் பிடித்து இழுத்தாள்.

"இது என்னடா?"

என் இடது காது மேல்பக்கம் சற்றே பிளந்திருக்கும். பிறவியிலேயே.

"நம்ம ஆத்தா உன்னைய வயித்துல வச்சுக்கிட்டு, கிரகணத்தன்னைக்கு அரிவாமணைய எடுத்து ஒரே ஒரு கத்திரிக்கா நறுக்குனா. ஒரே ஒரு கத்திரிக்கா! நீ இந்த மூளிக் காதோட பொறந்த. காதோட போச்சேன்னு ஆத்தா சாகுற வரைக்கும் கும்பிட்டுக்கிட்டே இருந்தா. உதட்டுல விழுந்திருந்தா? எம் பொண்ணுக்கு அப்படி எதும் ஆயிட்டா, ஒம் புத்தகம் வந்து ஒட்ட வைக்குமா?"

எங்கள் வம்சத்தில் கிரகணத்துக்கு இருக்கிற ஒரே சாட்சி நான்தான். சாட்சியே எதிர்த்தரப்புக்கு வாதாடினால் எடுபடுமா?

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கோழிகள் குழம்பிப்போய் கூட்டை நோக்கி நடந்தன. அக்கா கூடத்தின் நடுவில் பித்தளைத் தாம்பாளத்தை வைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். என் உலக்கையை, இரும்புப் பூண் போட்ட முனை கீழே வரும்படி, நட்டுக்குத்தாகப் பிடித்தாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். கையை எடுத்தாள்.

உலக்கை லேசாக ஆடியது. யோசித்தது.

நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேற்று வரை என் வீட்டில் ஈரப் புடவை சுமந்த உலக்கை! என் உயரத்துக்கு, யார் துணையுமின்றி, தண்ணீருக்கு நடுவே நிற்கிறது! சுற்றி வந்து பார்த்தேன். மேலே கயிறு இல்லை. குனிந்து பார்த்தேன். கீழே களிமண் இல்லை. படித்த அத்தனை புத்தகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மண்டைக்குள் சரிந்து விழுந்தன. உலக்கை மட்டும் விழவில்லை.

"என்னடா... ஈர்ப்பு எங்க போச்சு?" என்றாள் அக்கா.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து அந்த முனகல் கேட்டது.

முதலில் அக்கா அசரவில்லை. "சூட்டு வலி. சீரகத் தண்ணி வச்சுக் குடுத்தா அடங்கிரும்" என்றாள். ஆனால் கிரகணத்தில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாதே! சீரகம் டப்பாவிலேயே இருந்தது. வலி அடங்கவில்லை. முனகல், பல்லைக் கடிக்கிற சத்தமாக மாறியது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்."

"ஒலக்கை விழுகட்டும்."

நான் தெருவில் இறங்கி ஓடினேன். "வெளிய போகாதடா!" என்று பின்னால் அலறினாள். எனக்கென்ன, ஏற்கனவே மூளி ஆனவன். அடுத்த தெருவில் கருப்பையா இருக்கிறார், வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டுகிறவர். கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளிருந்தே பேசினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதிய. வண்டி வாங்குனப்ப கருப்பசாமிக்கு வாக்குக் குடுத்திருக்கேன், கிரகணத்துல எடுக்க மாட்டேன்னு. விட்டுருச்சுன்னு ரேடியோல சொன்ன அடுத்த நிமிசம் வாசல்ல நிப்பேன். நீங்க போங்க."

வேறு வண்டி? ரிக்‌ஷா இல்லை, ஜட்கா இல்லை, பஸ் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை தெருவில் நானும் என் மங்கலான நிழலும்தான். திரும்பி ஓடி வந்தேன். உள்ளறை வாசலில் அக்கா உட்கார்ந்து, கையை மட்டும் இருட்டுக்குள் நீட்டியிருந்தாள். அந்தக் கையை செல்வி பற்றியிருந்தது தெரிந்தது. வளையல்கள் கிலுகிலுவென்று நடுங்கின. நடுங்கியது மகளின் கையா, தாயின் கையா... எனக்குத் தெரியவில்லை.

ஒருவழியாக வெளிச்சம் தெளிந்தது. கிரகணம் விலகிவிட்டதாக ரேடியோ சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் வாசலில் அம்பாசிடர் ஹாரன். கருப்பையா வாக்குத் தவறாதவர்.

"அக்கா! விட்டாச்சு! கிளம்பு!"

அக்கா எழுந்தாள். கூடத்துக்கு வந்தாள். நின்றாள்.

உலக்கை நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் விடலைடா."

"ரேடியோவில் சொல்லியாச்சு அக்கா!"

"ரேடியோக்காரன் டெல்லியில இருந்து சொல்றான். ஒலக்கை நம்ம வீட்ல நிக்கிது."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கோழிகள் மறுபடி மேய வந்துவிட்டன. பக்கத்து வீட்டில் தலைக்குக் குளிக்கிற சத்தம் கேட்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் கிரகணம்!

"அக்கா, ரொம்பப் புழுக்கமாக இருக்கிறது. ஃபேனைப் போடட்டுமா?" என்றேன், முகத்தை வெள்ளந்தியாக வைத்துக்கொண்டு.

"காத்துல விழுந்தா கணக்குல வராது. சுவிட்சுகிட்ட போகாத."

தரை அதிர அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தேன். தாம்பாளத்துத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. உலக்கை அசையவில்லை. அதற்குப் பூண் கட்டிய கொல்லர் எவரோ, அடிப்பாகத்தைச் சமமாக ராவியிருந்த அழகு அப்படி.

கருப்பையா உள்ளே எட்டிப் பார்த்தார். "அக்கா, நானும் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கேன். ஒங்க ஒலக்கையும் நிக்கிது. பெட்ரோல் மொதல்ல தீருமா, கிரகணம் மொதல்ல தீருமான்னு சொல்லிட்டா நல்லாருக்கும்."

"ஏம்ப்பா, எம் பொண்ணு மேல எனக்கு இல்லாத அக்கறையா ஒனக்கு?" அக்காவின் குரல் உடைந்தது. அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் உலக்கையைவிட்டு நகரவில்லை. 'விழு, விழுந்து தொலை' என்று அதைக் கெஞ்சுகிற கண். ஒரு விரலால் தொட்டால் போதும். ஆனால் தொட்டுவிட்டு, பிறக்கிற பிள்ளைக்கு ஒரு குறை என்றால்? ஆயுசு முழுக்க அந்த விரலைப் பார்த்துக்கொண்டே அல்லவா இருக்க வேண்டும்? எங்கள் அம்மா அரிவாள்மணையைப் பார்த்துக்கொண்டிருந்தது மாதிரி.

சரி, நாம் தள்ளுவோம் என்று நான் ஓர் எட்டு வைத்தேன். "தம்பி!" என்றாள். ஒரே வார்த்தை. வயலில் மடை மாற்றுகிறவனை நிறுத்துகிற குரல். கால் அந்தரத்தில் நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... இந்த வயதிலும் எனக்கு அக்கா என்றால் பயம்தான்.

உள்ளறைக் கதவு திறந்தது.

செல்வி. சுவரைப் பிடித்துக்கொண்டு, வேர்வையில் நனைந்து, வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். புடவையின் கீழ்ப்பகுதி முழுக்க ஈரம்.

"அம்மா, பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு."

"அய்யோ ஆத்தா... வெளிய வராதடி! ஒலக்கை இன்னும்..."

செல்வி உலக்கையைப் பார்த்தாள். அவள் அதைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. அது நிற்பதற்கு முன்பிருந்தே இருட்டில் கிடந்தவள் அல்லவா? என் மாதிரிச் சுற்றி வந்து பார்க்கவில்லை. மயிர்க்கூச்செறியவும் இல்லை. இன்னொரு வலி வந்து போகும் வரை சுவரில் நெற்றியை அழுத்தியபடி நின்றாள். பிறகு சொன்னாள்:

"இதுக்காகவா உக்காந்திருக்கோம்?"

இடது கையால் ஒரு தள்ளு.

தாம்பாளம் அலறிய அலறல் இருக்கிறதே... தெருக்கோடி வரை கேட்டிருக்கும். தண்ணீர் கூடமெங்கும் ஓடியது. உலக்கை உருண்டு போய் என் காலில் முட்டி நின்றது. கருப்பையா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். என்ன நடக்கப்போகிறது? அழுவாளா? அறைவாளா? தெய்வக் குற்றம் என்று சாமியாடுவாளா?

அக்காவின் முகம் மலர்ந்தது.

"விழுந்துருச்சுடா! விட்டுருச்சு! கிரகணம் விட்டுருச்சு!" என்று கத்தினாள். தரையில் ஓடிய தண்ணீரை அப்படியே ஒரு கை அள்ளி, செல்வி தலையிலும், தன் தலையிலும், கருப்பையா தலையிலும் தெளித்தாள். கிரகணத்துக்குப் பிறகு முழுகவேண்டிய முழுக்கு முடிந்தது. "ஏண்டா ஒலக்கையாட்டம் நிக்கிற? பையைத் தூக்குடா!"

நான் பையைத் தூக்கினேன். அதிர்ச்சியில் வாய் திறந்தே இருந்தது என்று பிறகு கருப்பையா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இருக்கும். உலக்கை விழ வேண்டும் என்பதுதான் சட்டம். அது எப்படி விழ வேண்டும் என்று சட்டத்தில் இல்லை போலிருக்கிறது! காற்று தள்ளினால் செல்லாது, தம்பி தள்ளினால் செல்லாது. பிள்ளைத்தாய்ச்சி தள்ளினால் செல்லும். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது?

காலியான தெருக்களில் கருப்பையா ஓட்டிய ஓட்டத்தைப் பற்றி எழுதினால் அவர் லைசென்சுக்கு ஆபத்து. ஆரப்பாளையம் ஆஸ்பத்திரி வரை குறுக்கே ஒரு மாடுகூட வரவில்லை. அக்கா செல்வியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழியில் இருந்த எல்லாச் சாமிக்கும் பெயர் சொல்லிக் கடன் வைத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா செல்வியைப் பார்த்ததும் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு வெளியே பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி நான் வேடிக்கையாக எழுத முடியாது. எழுத மாட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

பெண் குழந்தை. கால்தான் முதலில் வந்ததாம். பிழைத்துக்கொண்டது. தாயும் சேயும் நலம். குழந்தையைக் காட்டியதும் அக்கா உதட்டைத் தொட்டுப் பார்த்தாள், காதுகளை மடக்கிப் பார்த்தாள், விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். கோபத்தில் அவர் கண்ணாடி நடுங்கியது.

"படிச்சவர் மாதிரி இருக்கீங்க. வலி எடுத்து இவ்வளவு நேரம் வீட்ல என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க? இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா யாரைக் காப்பாத்துறதுன்னு நான் யோசிச்சிருக்கணும்!"

பொய் சொல்ல வரவில்லை. "உலக்கை விழவில்லை டாக்டர்" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு அதே கோபத்தோடு சொன்னார்:

"எங்க வீட்ல அப்பவே விழுந்திருச்சே!"

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு விழுந்த அதிர்ச்சிகளில் எது பெரியது என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. உலக்கை நின்றதா? விழாததா? தள்ளியதும் அக்கா சிரித்ததா? அல்லது, ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவரும் வீட்டில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வருகிறார் என்பதா?

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மண்டைக்குள் ஒரு குடைச்சல். அது எப்படி நின்றது? நேற்று கோச்சடைக்குப் போயிருந்தேன். கூடத்தில் தொட்டில் ஆடுகிறது. மூலையில் உலக்கை. வெளியே பளிச்சென்று வெயில், பஞ்சாங்கத்தில் வெறும் நாள். எடுத்தேன். தாம்பாளம் இல்லை, தண்ணீர் இல்லை, மந்திரம் இல்லை. வெறும் சிமெண்டுத் தரையில் பூண் முனையை வைத்து, நிதானமாகக் கையை எடுத்தேன்.

நின்றது!

கம்பீரமாக, அசையாமல், அன்றைக்கு நின்ற மாதிரியே. அடிப்பாகம் சமமாக இருந்தால் உலக்கை எந்த நாளும் நிற்கும்! காலங்காலமாக இதை ஒருவரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை? கிரகணம் இல்லாத நாளில் உலக்கையை நிறுத்திவைத்துப் பார்க்க யாருக்குப் பொழுது இருந்தது? இடித்து முடித்தால் மூலையில் சாத்திவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுகிற ஜனம். நாம் எதை நம்புகிறோமோ அதைச் சோதித்துப் பார்ப்பதும் நம்பிக்கைக்கு உரிய நாளில்தான். மற்ற நாளெல்லாம் அதற்கு லீவு.

"அக்கா! இங்கே வா! வந்து பார்!"

அக்கா வந்தாள். கையில் குழந்தையின் துணி. உலக்கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி உலக்கையைப் பார்த்தாள். 'ஒத்துக்கொள்கிறாயா?' என்கிற மாதிரி நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் முகத்தில் கவலை படர்ந்தது.

"ஆத்தாடி... இன்னைக்கு எந்த ஊருல பிடிச்சிருக்கோ, பாவம்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

எந்த ஊர் என்று எனக்குத் தெரியவில்லை. எதற்கும்... வெளியூர் வாசகர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவும்.